இருபத்தேழாம் இடம் கோரும் மனு

அனுப்புநர்:
ஒரு குடிமகன்
(பதவி: இல்லை. முன்னாள் பதவி: அதுவும் இல்லை),
தமிழ்நாடு.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
உள்துறை அமைச்சகம், இந்திய அரசு,
புது தில்லி.

பொருள்: முன்னுரிமைப் பட்டியலில் 27-ஆம் இடம் உருவாக்கித் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: குடியரசுத் தலைவர் செயலகத்தின் 26.07.1979 நாளிட்ட அறிவிக்கை.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

பார்வையில் கண்ட அறிவிக்கையைப் பயபக்தியோடு படித்தேன். இந்த நாட்டில் யாருக்குப் பின்னால் யார் என்பதை 26 படிகளில் அடுக்கியிருக்கிறீர்கள். முதலில் குடியரசுத் தலைவர், பிறகு துணைத் தலைவர், மூன்றாவதாகப் பிரதமர் என்று இறங்கி, 26-இல் இணைச் செயலாளர்களும் மேஜர் ஜெனரல்களும் வந்ததும் பட்டியல் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே வெற்றுத் தாள். அங்கேதான் நான் குடியிருக்கிறேன். ஏறக்குறைய மொத்த நாடும் அங்கேயே குடியிருப்பதால் நெரிசல் கொஞ்சம் அதிகம்.

மக்களவை உறுப்பினருக்கு 21-ஆம் இடம் தந்திருக்கிறீர்கள். அவரை விரலில் மை வைத்துக்கொண்டு தில்லிக்கு அனுப்பிய எனக்குத்தான் இடம் இல்லை. தாங்களே 23-இல்தான் இருக்கிறீர்கள் என்பதால், 22 படிகளுக்குப் பின்னால் நிற்பவரின் மனம் தங்களுக்குப் புரியாமல் இருக்காது.

புது இடம் தந்தால் வரிசை கலைந்துவிடும் என்று தயங்க வேண்டாம். துணைப் பிரதமரை 5-ஏ என்றும், பாரத ரத்னா பெற்றவர்களை 7-ஏ என்றும், தலைமைத் தேர்தல் ஆணையரை 9-ஏ என்றும் யார் காலையும் மிதிக்காமல் நுழைத்திருக்கிறீர்கள். எனக்கு 26-ஏ கொடுத்தாலும் சம்மதமே. பராமரிப்புச் செலவும் குறைவு. ஆளுநர் தம் மாநிலத்துக்குள் 4-ஆம் இடத்தில் இருக்கிறார். எல்லையைத் தாண்டினால் 8-க்கு இறங்கிவிடுகிறார். என்னைப் பொறுத்தவரை அந்தச் சிக்கலே கிடையாது. ஓசூரிலும் நான் யாரோதான், எல்லை தாண்டி அத்திப்பள்ளியிலும் யாரோதான்.

இந்தப் பட்டியல் அரசு விழாக்களுக்கும் சடங்குகளுக்கும் மட்டும்தான், அன்றாட அலுவலுக்குப் பொருந்தாது என்று அறிவிக்கையின் குறிப்பில் தெளிவாகவே சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் குறிப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நாங்கள் மனப்பாடம் செய்துவிட்டோம். ஓர் அரசு அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மேசைக்கு எதிரே இரண்டு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. நான் நின்றுகொண்டிருந்தேன்.

"யாரு மூலமா வந்திருக்கீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"பஸ்ஸுலதான் சார் வந்தேன்."

அவர் அதற்குமேல் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் வந்தவர் ஒரு பெயரைச் சொன்னார், உட்கார்ந்தார்.

பெயருக்கு அக்கம்பக்கம் ஏதாவது வேண்டும் என்பது எங்கள் பழைய நோய். வெள்ளைக்காரன் ராவ் பகதூர், திவான் பகதூர் என்று கொடுத்தான். அரசமைப்பின் 18-ஆம் பிரிவு பட்டங்களை ஒழித்தது. பத்ம விருதைப் பெயருக்கு முன்னும் பின்னும் போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்னது. அழைப்பிதழ் அச்சகங்களுக்கு அந்தத் தீர்ப்பின் நகல் இன்னும் போய்ச் சேரவில்லை. தமிழ்நாட்டில் நாங்கள் இன்னும் முன்பே தொடங்கியவர்கள். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த சாதிப் பட்டத்தைத் துறக்கச் சொன்னது. துறந்தோம். காலியான இடம் நல்ல இடமாயிற்றே என்று பி.ஏ., பி.எல்.லைக் குடிவைத்தோம். படிப்பும் இல்லாதவர்களுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கைகொடுத்தது. கல்யாணப் பத்திரிகையில் 'தாசில்தார் (ஓய்வு)' என்று போடுகிறோம். மனிதர் ஓய்வு பெற்றாலும் பதவிக்கு ஓய்வு கிடையாது.

போன சாதி எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். எந்தக் கெஜட்டிலும் வராத இன்னொரு முன்னுரிமைப் பட்டியல் எங்கள் ஊர்களில் இருக்கிறது. தங்கள் பட்டியலில் பதவி உயர்வால் மேலே ஏறலாம், ஓய்வு பெற்றால் இறங்கலாம். அதில் ஏற்றமும் இல்லை, ஓய்வும் இல்லை. பிறந்த அன்றே பணி நியமனம். டீக்கடைத் தம்ளரிலிருந்து சுடுகாட்டுப் பாதை வரை அதுதான் விதி. தங்கள் பட்டியலில் இடமே இல்லாத என்னைப் போன்றவன்கூட அந்தப் பட்டியலில் தனக்குக் கீழே ஓர் ஆளைத் தேடிப் பிடித்து நிம்மதியாகத் தூங்குகிறான். 'யாருமில்லாதவர்' சங்கம் தொடங்கினால் தலைவர் பதவிக்குத்தான் முதல் சண்டை வரும் என்பதையும் நேர்மையாகத் தெரிவித்துவிடுகிறேன்.

கோயில் திருவிழாவைப் பாருங்கள். தேர் வடத்தைப் பிடித்து இழுப்பவர்கள் ஆயிரக்கணக்கில். பரிவட்டம் கட்டிக்கொள்பவர் ஒருவர். அந்த முதல் மரியாதை யாருக்கு என்று உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போகிறது.

சாலைக்கு வருவோம். 2017 மே 1 முதல் வண்டிகளின் சிவப்புச் சுழல்விளக்கைக் கழற்றச் சொன்னீர்கள். விளக்கு கழன்றது, ஸ்டிக்கர் முளைத்தது. போலீஸ், பிரஸ், அட்வகேட், அவர்களுடைய மச்சான், மச்சானுடைய நண்பர் எல்லோரும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார்கள். 2024-இல் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அதையும் உரிக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. என் ஸ்கூட்டரிலும் ஒன்று ஒட்ட ஆசைதான். 'வரி செலுத்துபவர்' என்று எழுதினால் மறிப்பவர் சல்யூட் அடிப்பாரா, சிரிப்பாரா என்ற குழப்பத்தில் விட்டுவிட்டேன்.

நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் யார் யாருக்குக் கட்டணம் இல்லை என்று ஆளுயரப் பலகை வைத்திருக்கிறார்கள். கார் நகரும் வேகத்தில் அதை முழுதாகப் படித்து முடிக்கலாம். அதில் எனக்கும் இரண்டு வழிகள் திறந்திருப்பதைக் கண்டு நெகிழ்ந்தேன். ஒன்று ஆம்புலன்ஸ், மற்றது அமரர் ஊர்தி.

நான் நான்தான் என்பதையே நெடுங்காலம் என்னால் நிரூபிக்க முடியவில்லை. கெஜட்டட் அதிகாரி ஒருவர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டால்தான் என் மதிப்பெண் பட்டியல் உண்மையாகும். அவர் என்னை அதற்கு முன் பார்த்ததே இல்லை என்பது தடையாக இருந்ததில்லை. பின்னர் மத்திய அரசு சுயசான்றொப்பம் போதும் என்று ஊக்கப்படுத்தத் தொடங்கியது. ஐயா, என் வாழ்க்கையில் அரசு எனக்களித்த ஒரே பதவி உயர்வு அதுதான்.

மேற்கண்டவற்றைப் பரிசீலித்து, கீழ்க்காணும் கோரிக்கைகளை நிறைவேற்றித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்:

1. 26-க்குக் கீழே, '27. மேலே எங்கும் வராதவர்கள்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். இந்த வரி இல்லாவிட்டால் மற்ற 26-க்கும் பொருள் இல்லை. ஓரமாக ஒதுங்கி நிற்க ஆள் இல்லாத சாலையில் கான்வாய் போனால் அது வெறும் போக்குவரத்து.

2. 27-ஆம் இடத்தாருக்கு எந்த அலுவலகத்திலும் உட்கார ஒரு நாற்காலி தரப்பட வேண்டும். மெத்தை தேவையில்லை.

3. மேடையில் 'அவர்களே, அவர்களே' என்று அரைமணி நேரம் விளித்துவிட்டு, மூச்சு வாங்கும்போது 'பொதுமக்களே' என்று முடிக்கும் வழக்கத்தை ஆண்டுக்கு ஒரு நாளாவது தலைகீழாக்கிப் பார்க்க வேண்டும். பேச்சாளர்கள் இதற்காகப் பயிற்சி எடுக்க வேண்டியிருந்தால் செலவை எங்கள் வரியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

4. 27-ஆம் இடம் பெற்றவர் தனக்குக் கீழே 28 என்று ஒன்றை உருவாக்கக் கூடாது. மீறினால் அவரை உடனே வி.ஐ.பி.யாக அறிவித்துத் தண்டிக்க வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
(சுயசான்றொப்பமிட்டது)

இணைப்பு: 12 இலக்க ஆதார் எண்ணின் நகல். வரிசையில் எனக்கு இடம் இல்லையே தவிர, எண் இருக்கிறது.

நகல்: சுங்கச்சாவடிப் பலகைக்குப் பெயிண்ட் அடிப்பவருக்கு, கடைசியில் ஒரு வரிக்கு இடம் விட்டுவைக்கும் பொருட்டு.