முப்பதுக்கு நாற்பது ஃபுளோரன்ஸ்

விவேக் நகரில் ஐரோப்பா போய் வந்தவரைக் கண்டுபிடிக்க பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்க்க வேண்டியதில்லை. ஈஜிபுரத்தில் காய்கறி வாங்கும்போது அவர் தோளில் ஒரு பை தொங்கும். டூர் கம்பெனிக்காரர்கள் புறப்படுகிற அன்று இலவசமாகக் கொடுத்த பை. ஒரு காலத்தில் யூரோ நோட்டும் பிரஷர் மாத்திரையும் இருந்த அந்தப் பையிலிருந்து இப்போது முருங்கைக்காய் எட்டிப் பார்க்கும். கத்தரிக்காய் கிலோ என்ன விலை என்று கேட்டுவிட்டு, பதில் வந்ததும் ஒரு விநாடி கண்ணை மூடுவார். மனதுக்குள் யூரோவில் போட்டுப் பார்க்கிறார். திரும்பி வந்து ஆறு மாதம் வரை இந்தக் காய்ச்சல் இருக்கும். எனக்கும் இருந்தது.

எங்கள் பஸ்ஸில் நாற்பத்தொரு பேர். ஜன்னலோர சீட்டுக்காக விடியற்காலை ஐந்தரைக்கே கர்ச்சீப் போட்டவர், எந்த ஊரில் இறங்கினாலும் ‘இங்கே டாய்லெட் எவ்வளவு?’ என்று விசாரித்து நோட்டில் குறித்துக்கொண்டவர், மாதா கோயில் முதல் பெட்ரோல் பங்க் வரை எல்லாவற்றின் முன்னாலும் மனைவியை நிறுத்திப் படம் எடுத்தவர் என்று சகல வகையும் உண்டு. அவர்களை விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது மேஸ்திரியைப் பற்றி.

மேஸ்திரி என்பது பழைய பட்டம். இப்போது அவர் காண்ட்ராக்டர். திருப்பத்தூர் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் பெங்களூருக்கு வந்து சாந்துச் சட்டி தூக்கி, கரண்டி பிடித்து, பிறகு ஆள் வைத்து வேலை வாங்கும் அளவுக்கு உயர்ந்தவர். ஆஸ்டின் டவுனிலிருந்து நீலசந்திரா வரை அவர் கட்டிய வீடுகள் நிற்கின்றன. வாழ்நாள் முழுவதும் இருபதுக்கு முப்பது, முப்பதுக்கு நாற்பது சைட்டிலேயே கழித்தவருக்கு உலகத்தை அளக்க வேறு கோல் கிடையாது. வாடிகனில் புனித பேதுரு சதுக்கத்தின் நடுவில் நின்று எல்லோரும் மேலே பார்த்தபோது இவர் கீழே பார்த்தார்.

“எத்தினி முப்பதுக்கு நாப்பது வரும்னு நெனைக்கிறீங்க சார்?”

நான் நினைக்கவே இல்லை என்றேன். அவர் நடந்து அளந்துவிட்டு வந்து சொன்னார். ரோடுக்கு விட வேண்டிய இடத்தைக்கூட மறக்காமல் கழித்திருந்தார்.

பைசா நகரத்தில், சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்குவதுபோல நாற்பது பேரும் வரிசையாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். மேஸ்திரி மட்டும் மாட்டேன் என்றுவிட்டார். 1173இல் ஆரம்பித்தார்கள், மூன்றாவது மாடி ஏறும்போதே சாய ஆரம்பித்துவிட்டது, அஸ்திவாரத்தின் ஆழம் சுமார் மூன்றே மீட்டர் என்று கைடு சொன்னதை நான் மொழிபெயர்த்ததுதான் காரணம்.

“மண்ணு டெஸ்ட் பண்ணாம கட்டினவன் எவனோ. நான் ஏன் சார் தாங்கணும்?” என்றார். “நம்ம ஊர்ல சாய்ஞ்சா கார்ப்பரேஷன்காரன் வந்து இடிச்சிடறான். இங்க டிக்கெட் போட்டு வசூல் பண்றான்.”

மறுநாள் ஃபுளோரன்ஸ். வியாழக்கிழமை. வியாழன் என்றால் எங்கள் பேட்டையில் குழந்தை இயேசு கோயில் கூட்டம்தான். மெழுகுவத்திக் கடைகளைத் தாண்டி ஆட்டோ நகராது. மேஸ்திரியம்மா நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு வாரம் தவறாமல் அங்கே மெழுகுவத்தி ஏற்றுகிறவர். ஃபுளோரன்ஸில் பெரிய மாதா கோயில் இருக்கிறது என்று தெரிந்ததும் ஹோட்டலிலேயே தலைக்குக் குளித்துவிட்டார். எங்கள் டூர் மேனேஜர், மும்பைப் பையன், மடக்கிய குடையைத் தலைக்கு மேல் வேல் மாதிரி பிடித்து முன்னால் நடந்தபடி திரும்பிச் சொன்னான்: “ஆன்ட்டி, இது ஃபோட்டோ ஸ்டாப் மட்டும். உள்ளே போக முடியாது.” க்யூ அந்தத் தெருவைச் சுற்றி நின்றது. அம்மா வெளியிலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

டூர் பஸ் ஊருக்குள் நுழையக் கூடாது. ஆகவே இறங்கி நடை. நடுவில் காபி. நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. நாங்கள் எல்லோரும் இந்த அநியாயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, மேஸ்திரிக்கு மட்டும் முகம் மலர்ந்தது. “நம்ம தர்ஷினி சார் இது! நின்னுகினே சாப்பிட்டுப் போயிகினே இரு. இவன் நம்ம ஊருக்கு வந்து பார்த்துகினு போயிருக்கான்.” கவுன்டரில் இருந்த சர்க்கரைப் பொட்டலங்களில் கொஞ்சம் அவர் சட்டைப் பைக்குள் போயின.

கைடம்மா பேசுவதைக் கேட்க ஆளுக்கொரு காதுக்கருவி கொடுத்திருந்தார்கள். மேஸ்திரி அதைக் காதில் மாட்டியிருந்தாரே தவிர சுவிட்ச் போடவில்லை. நான் பாதி கேட்டு பாதி விட்டுக்கொண்டிருந்தேன். சாந்தா மரியா தெல் ஃபியோரே கதீட்ரல், 1296இல் தொடங்கியது, மேலே தெரிகிற அந்தச் செங்கல் டோம்... அதை நான் வாய்விட்டு மேஸ்திரிக்குச் சொல்லிக்கொண்டு வந்தபோதுதான் நடுவில் அந்த வார்த்தை வந்தது.

“சென்ட்ரிங் இல்லாமல் கட்டினார்களாம்.”

மேஸ்திரி நின்றார். பின்னால் வந்த குஜராத்திக்காரர் அவர் மேல் மோதினார்.

“இன்னாது?”

“சென்ட்ரிங் இல்லாமல்.”

சுவிட்சைத் தேடிப் போட்டார். அவருக்கு இங்கிலீஷ் அரைகுறைதான். ஆனால் கட்டட வேலையில் பாதிப் பேச்சு இங்கிலீஷ். சென்ட்ரிங், ஸ்காஃபோல்டிங், லோடு, லேபர் எல்லாம் கைடம்மா வாயிலிருந்து தமிழாகவே வந்து விழுந்தன. மிச்சத்தை நான் நிரப்பினேன். சுவர் எழுப்பிவிட்டார்கள், நடுவில் ஏறத்தாழ 45 மீட்டர் அகலத்துக்கு ஓட்டை. அதை மூட யாருக்கும் வழி தெரியவில்லை. அந்த அகலத்துக்கு முட்டுக் கொடுக்க அவ்வளவு மரத்துக்கு எங்கே போவது? கடைசியில் புருனெலெஸ்கி என்று ஒருவர் வந்து முட்டே வேண்டாம் என்றார். 1420இல் ஆரம்பித்து 1436இல் முடித்தார். நாற்பது லட்சம் செங்கலுக்கு மேல்.

“ஆயிரத்தி இருநூத்தி தொண்ணூத்தி ஆறுல ஆரம்பிச்சு... நூத்தி இருபத்தி நாலு வருஷம் மேல்தளம் போடாம வுட்டாங்களா? பார்ட்டி சும்மாவா இருந்தான்?”

பார்ட்டி என்றால் வீட்டுச் சொந்தக்காரர். இங்கே பார்ட்டி, கம்பளி வியாபாரிகள் சங்கம். பணத்துக்குக் குறைவில்லாத பார்ட்டி.

“அந்த ஆள் யார்கிட்ட தொழில் கத்துகினார்?”

பொற்கொல்லராகப் பயிற்சி பெற்றவர் என்றேன். “தட்டார் கிட்டயா ஸ்லாப் வேலைய குடுத்தாங்க!” என்று தலையில் கை வைத்தார். ஆனால் கைடம்மா அடுத்துச் சொன்னதைக் கேட்டதும் கை இறங்கிவிட்டது. செங்கல் தூக்க மாடு பூட்டிய ஒரு யந்திரம். மாட்டைத் திருப்பாமலே ஏற்றவும் இறக்கவும் செய்யும். சாப்பாட்டுக்கு ஆட்கள் கீழே இறங்கினால் நேரம் வீண் என்று மேலேயே சாப்பாட்டுக் கடை. கொத்தனார்கள் கூலி உயர்த்திக் கேட்டு வேலையை நிறுத்தியபோது லொம்பார்டியிலிருந்து வேறு ஆட்களைக் கொண்டுவந்தார். பழைய ஆட்கள் திரும்பி வந்ததும் முன்பைவிடக் குறைந்த கூலிக்குச் சேர்த்துக்கொண்டார். இதையெல்லாம் வசாரி என்ற ஓவியர் 1550இல் எழுதிய புத்தகத்தில் பதிந்து வைத்திருக்கிறார்.

“தட்டார் இல்ல சார்,” என்றார் மேஸ்திரி மெதுவாக. “காண்ட்ராக்டர்.”

பிஜாப்பூர் கோல் கும்பஸ் எப்போது கட்டியது என்று கேட்டார். 1656 என்றேன். விரல் விட்டு எண்ணினார். “இவர் சீனியர்” என்று ஒத்துக்கொண்டார்.

குடை நகர்ந்தது. நாங்கள் பின்னால் போனோம். சிஞ்ஞோரியா சதுக்கத்தில் மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலைக்கு ஒரு நகல் நிற்கிறது. அசல் 1873லேயே அக்கடமியா கூடத்துக்குள் போய்விட்டது. நகலுக்கும் ஆடை கிடையாது. பெண்கள் எல்லோரும் எதிரிலுள்ள அரண்மனையின் கடிகாரத்தை ரசித்தார்கள். அங்கிருந்து பொன்டே வெக்கியோ பாலம். இரண்டு பக்கமும் நகைக் கடை. முன்பு கசாப்புக் கடைகள் இருந்ததை 1593இல் கோமான் ஒருவர் நாற்றம் தாங்காமல் விரட்டிவிட்டுப் பொற்கொல்லர்களை வைத்தாராம். மேஸ்திரியம்மா ஒரு சங்கிலியைக் கையில் எடுத்து, சேதாரம் எவ்வளவு, செய்கூலி எவ்வளவு என்று தமிழிலேயே கேட்டு, விரலால் பதில் வாங்கி, பணத்துக்காகத் திரும்பியபோதுதான் புருஷன் இல்லை என்பது உலகத்துக்குத் தெரிந்தது.

மேனேஜர் எண்ணினான். நாற்பது. மறுபடி எண்ணினான். போன் போட்டால் அம்மாவின் கைப்பையில் மணி அடித்தது. ரோமிங் போட்டது ஒரே போனுக்குத்தான். எதிர்வீட்டுக்காரன் என்ற முறையில் தேடும் வேலை என் தலையில் விழுந்தது.

பத்து நிமிஷ நடை. கதீட்ரலின் தெற்குப் பக்கத்தில் ஒரு கட்டடத்தின் முகப்பில் புருனெலெஸ்கிக்குச் சிலை இருக்கிறது. உட்கார்ந்த நிலை. மடியில் வரைபடம், தலை நிமிர்ந்து தன் டோமையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அதன் கீழே, அதே கோணத்தில் தலையை நிமிர்த்தி, விவேக் நகர் மேஸ்திரி. டூர் கம்பெனித் தொப்பி கையில்.

நான் திட்ட வாய் திறப்பதற்குள் சொன்னார். “இவர் காண்ட்ராக்டர்தான் சார், சந்தேகமே இல்ல. வேல நடக்கும்போது உக்காந்துகினு மேலயே பார்க்கறார் பாருங்க.”

பிறகு பக்கத்தில் இருந்த கல் திண்ணையில் சட்டைப் பையைக் கவிழ்த்தார். சர்க்கரைப் பொட்டலங்கள். இரண்டைப் படுக்க வைத்தார், ஒன்றை நிறுத்தினார், மறுபடி இரண்டு படுக்கை. அதற்கு மேல் வரிசையில் நிற்கிற பொட்டலத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். “அந்தம்மா மீன் முள்ளு மாதிரின்னு சொல்லிச்சே, இதான். படுத்திருக்கிற கல்லு வழுக்கப் பார்க்கும். நிக்கற கல்லு புடிச்சுக்கும். ஒரு சுத்து முடிஞ்சா வளையம் பூட்டிக்கிச்சு. அப்புறம் இன்னாத்துக்கு முட்டு?” ஆள்காட்டி விரலால் பொட்டலங்களை ஓரத்தில் தள்ளிப் பார்த்தார். நகரவில்லை. அந்த விரலின் நகம் சிமென்ட் தின்று பாதிதான் இருக்கிறது என்பதை நான் அன்றுதான் பார்த்தேன். இருபது வருஷமாக எதிர்வீடு.

பாலத்தில் அம்மா எரிமலையாக இருப்பார் என்று பயந்து போனோம். இல்லை. சங்கிலி பதினெட்டு கேரட் என்று அதற்குள் தெரிந்துவிட்டது. “அடகுக் கடைக்காரன் மூஞ்சிலயே வீசுவான்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இரவு இந்தியச் சாப்பாடு, வழக்கம்போல் பன்னீர்.

ஊருக்குத் திரும்பிய பிறகு எங்கள் கிராஸில் ஒரு வீட்டுக்கு மேல்தளம் போட்டார்கள். காய்கறிப் பையோடு வந்த மேஸ்திரி நின்றுவிட்டார். பலகை அடித்துக்கொண்டிருந்த பையன்களுக்கு ஃபுளோரன்ஸைச் சொன்னார். நாற்பது லட்சம் செங்கல், மாடு பூட்டிய யந்திரம், முட்டே இல்லை.

“அப்ப ஷீட்டு வாடக மிச்சம் மேஸ்திரி” என்றான் ஒருவன், ஆணியை வாயிலிருந்து எடுக்காமலே.

மேஸ்திரி முட்டுக்கட்டைகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்து, ஒன்றின் கீழே ஆப்பு வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். இருபதுக்கு முப்பது வீடு அது. சென்ட்ரிங்கை இருபத்தோராம் நாள்தான் பிரித்தார்கள்.