பார்த்தாலே தெரியுமா?

கே: பேச்சுக்குப் பேச்சு ‘ஆப்வியஸ்லி’ என்கிறார்களே, அதற்கு என்ன பொருள்?

ப: ‘பார்த்தாலே தெரியும்’ என்று பொருள். லத்தீன் வேர்ப்படி, வழியில் எதிர்ப்படுவது. எதிரே நிற்பதை யாரும் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. அப்படியும் சுட்டுகிறார்கள் என்றால், இந்தச் சொல் வரும் இடத்தில்தான் நாம் விழித்துக்கொள்ள வேண்டும். லாப்லாஸின் வானியல் நூலை ஆங்கிலமாக்கிய நத்தானியேல் பௌடிச், ‘இது தெளிவு’ என்று ஆசிரியர் எழுதிய இடங்களில்தான் விடுபட்ட படிகளைத் தேடி மணிக்கணக்கில் உழைக்க நேர்ந்ததாகச் சொன்னார். தன்னைத்தானே வெட்டாத மூடிய கோடு தளத்தை உள், வெளி என இரண்டாகப் பிரிக்கும் என்பது குழந்தைக்கும் தெரியும். அதற்கும் கணிதவியலாளர் கமீல் ஜோர்தான் 1887-இல் நிரூபணம் எழுத வேண்டியிருந்தது! எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருந்தால் பேச்சு முடியுமா என்று கேட்கலாம். நியாயம்தான். கேட்பவருக்கும் தெரிந்த விஷயமென்றால், ‘உங்களுக்கே தெரியும்’ என்ற மரியாதை அச்சொல்லில் இருக்கிறது. அவருக்குத் தெரியாதபோதோ, அதே சொல் அவர் வாயை அடைத்துவிடுகிறது; கேள்வி கேட்டால் மட்டி என்று பெயர் வாங்க வேண்டுமே!