மொதல்ல பெயிண்ட்டு அடி, மாப்ள

வாங்குனதுதேன் வாங்குன, ஓடாத வண்டியாப் பாத்து வாங்குன பாரு, அங்கதேன் நீ படிச்ச புள்ளைங்குறது தெரியுது. அனுமந்தன்பட்டிக்குள்ள கயித்தைக் கட்டி இழுத்துட்டு வரையில நாலு பேரு என்னான்னு கேட்டாக. "எம் மருமகன் அமெரிக்கா வண்டி வாங்கியிருக்கான்"னேன். பொய்யில்ல. வில்லிஸ் ஜீப்பு அமெரிக்காக்காரன் சண்டைக்குச் செஞ்சதுதேன். 1947ல பம்பாயில மகேந்திரா கம்பெனி அதைக் கோத்து விக்க ஆரம்பிச்சுச்சு. உன்னுது சிஜே 3பி. எஞ்சின் ஒசரம்னு பானெட்டைத் தூக்கிக் கட்டுன மாடலு. மொகம் வீங்குனாப்புல கெடக்குறது அதனாலதேன்.

வேலைன்னா மொதல்ல பெயிண்ட்டு அடி. பிரேக்கெல்லாம் பொறவு பாத்துக்கலாம். போட்டோவுல பிரேக்கு தெரியவா போகுது? நாலு சக்கரத்துக்கும் ஒத்த மாஸ்டர் சிலிண்டருதேன். ஒரு எடத்துல ஆயில் ஒழுகுனா நாலும் சேந்தே கைவிட்டுரும். நம்ம பங்காளிககிட்டகூட அம்புட்டு ஒத்துமை கெடையாது. போடிமெட்டுல 17 கொண்டையூசி வளைவு இருக்கு, எறங்கையில பிரேக்கோட அருமை தெரியும். ஏறுன கியர்லயே எறங்கணும்னு கெழடுக சொல்லும். கெழடுக பேச்சை நீ என்னிக்குக் கேட்டுருக்க?

ஸ்பேனர் செட்டு பளபளன்னு வாங்கியிருக்கபோல. இந்த வண்டிக்கு எல்லாம் இஞ்சுக் கணக்கு. அரை இஞ்சு போல்ட்டுத் தலைங்குறது 12.7 மில்லி. உன்னோட 13ஐ மாட்டி நல்லா எம்பு, தலை மழுங்கிரும். அப்புறம் வெல்டிங்காரனைக் கூப்பிடணும், அவனும் பொழைக்கணும்ல. ஆனா ஒண்ணு: பெட்ரோல் டேங்கு ஓட்டுறவன் சீட்டுக்கு அடியிலயே இருக்கு. அதைக் கழட்டித் தூரமா வைக்காம வெல்டிங் பத்தவைக்க விடாத. காலி டேங்குலயும் ஆவி நிக்கும். இதை நக்கலுக்குச் சொல்லல, உங்கம்மாவுக்கு நாந்தேன் பதில் சொல்லணும்.

ஸ்டார்ட் ஆகலைன்னா எல்லாப் பயலும் கார்புரேட்டரைத்தேன் பிரிக்கிறான். பெரிய வேலை தெரிஞ்சவன்னு பேரு கெடைக்கும்ல. டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைத் தெறந்து, கருகுன பாயிண்ட்டைத் தேச்சு, அரை மில்லி எடவெளி வச்சா வேலை முடிஞ்சுபோகும். அதுல என்ன பெருமை இருக்கு? மேடேறையில பம்பு சூடாகிப் பெட்ரோல் ஆவியாகி நின்னா, ஈரத்துணியைச் சுத்திட்டு டீ குடி. மெக்கானிக்கைக் கூப்பிட்டாலும் அவன் டீ குடிச்சுட்டுத்தேன் வருவான்.

பழைய வண்டிக்குன்னு 2021ல தில்லியில விதி போட்டாக. 50 வருசம் தாண்டணும், சேஸ், பாடி, எஞ்சின் மாத்தாம அசலா இருக்கணும். புதுசாப் பதிய 20,000 ரூவா. 'வி.ஏ.'ன்னு நம்பர் கெடைக்கும், தெனமும் ரோட்டுல ஓட்டத்தேன் கூடாது. நீ அந்த நம்பருக்குத்தேன் அலையிறன்னு உங்கத்தை சொன்னா. மாப்ள, குனிஞ்சு பின்சக்கரத்துக்கு அங்கிட்டுப் பாரு. சேஸுல ஒட்டுப்போட்ட தழும்பு தெரியுதா? ஏலத்தோட்டத்துக்கு ஆளேத்த ரெண்டடி நீட்டுனது. உனக்கு வித்தவன் சொல்லியிருக்க மாட்டான். அவனுக்கே தெரியாது, நானும் விக்கிறப்ப அவன்கிட்டச் சொல்லல.

டேங்கு முள்ளு அப்பவே வேலை செய்யாது. குச்சியை விட்டுப் பாத்துக்க.