கவாத்துக் கத்தரியின் இருப்பும் இன்மையும்

ஒரு கையால் பிடித்துச் செடியின் கிளையை வெட்டுதற்குரியதும், இரு பிடிகளும் அவற்றிடையே ஒரு ஸ்பிரிங்கும் உடையதுமாகிய கருவி இக்கட்டுரையில் கவாத்துக் கத்தரி எனப்படும். விவசாயக் கருவிகள் விற்கும் கடையில் இதற்குச் செகட்டூர் என்று பெயர். வீட்டில் 'செடி வெட்டுற கத்திரி'. தேவைப்படும் நேரத்தில் பெயரே இல்லை, 'அது எங்க?' என்ற வினா மட்டும் உண்டு. இவ்வாய்வு அந்த வினாவிலிருந்து தொடங்குகிறது.

குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்க என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஆகவே மல்லி மட்டும் வளர்க்கும் வீட்டில் இக்கருவிக்கு ஆண்டில் ஒரு வாரமே அலுவல். எஞ்சிய 51 வாரமும் அது எங்கேனும் இருந்தாக வேண்டும். மற்ற செடிகள் இருக்கின்றனவே எனின், இருந்தும் பயனில்லை. முருங்கைக் கிளை கையாலேயே ஒடியும். சில சமயம் காற்றாலேயே ஒடியும். கறிவேப்பிலையைக் கிள்ளலாம். துளசிக்கு நகம் போதும். மிஞ்சுவன ரோஜா, எலுமிச்சை, காகிதப்பூ ஆகிய முள்ளினம் மட்டுமே. இவற்றை வெட்டப் பெரும்பாலும் எவரும் முன்வருவதில்லை.

ஆனால் இருநூறு ஆண்டுகளாக இக்கருவியைச் சீர்திருத்தியோர் அனைவரும் அது வெட்டும் கணத்தையே கருதினர். வெட்டாத காலத்துக்கென ஒரு கத்தரியும் வடிவமைக்கப்படவில்லை. இதுவே நம் கருதுகோள்.

முன்னோர் பணியைச் சுருங்க நோக்குவோம். இதை உருவாக்கியவர் தோட்டக்காரர் அல்லர், அமைச்சர். பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியிடம் 1791 முதல் 1792 வரை கடற்படை அமைச்சராயிருந்த பெர்த்ரான் த மொல்வில் என்னும் பிரபு, புரட்சி முற்றியதும் இங்கிலாந்துக்குத் தப்பினார். மன்னர் தப்பவில்லை, 1793 ஜனவரியில் கில்லட்டினுக்குப் போனார். 1814 வரை இங்கிலாந்திலேயே இருந்து நாடு திரும்பிய மொல்வில், 1815-ஐ ஒட்டி ஆக்கியதே இக்கத்தரி. வெட்டுக்கருவிக்குத் தப்பியவர் வெட்டுக்கருவி செய்ததில் உளவியல் காண்போர் காணட்டும். கில்லட்டின் ஒற்றை அலகுடையது, கத்தரி ஈரலகுடையது என்ற வேறுபாட்டை மட்டும் பதிவு செய்து அப்பால் செல்கிறோம்.

இக்கத்தரிக்கு முன் திராட்சைக் கொடிகளை வளைந்த கத்தியால் அரிந்தனர். ஒரு கை கொடியைப் பற்ற, மற்றது கத்தியை இழுக்கும். மொல்வில் இடக்கைக்கு விடுதலை அளித்தார். விடுதலை பெற்ற இடக்கை அன்றுமுதல் முள்ளில் குத்துப்படும் பணியை ஏற்றுக்கொண்டது.

அடுத்த பெரும் திருப்பம் சுவிட்சர்லாந்தில். 1945-இல் பெலிக்ஸ் ஃபிளிஷ் தொடங்கிய ஃபெல்கோ நிறுவனத்தின் சிவப்புப்பிடிக் கத்தரியைத் திருகு திருகாகக் கழற்றலாம். தேய்ந்த உறுப்பை மட்டும் மாற்றலாம். அதன் 2-ஆம் மாதிரி 240 கிராம் எடை, 25 மி.மீ. தடிமன்வரை வெட்டும். பால் ஒட்டாதிருக்க அலகில் ஒரு பள்ளம் உண்டு. விரல் மடங்கும்போது தானும் உருளும் பிடியுடன் ஒரு மாதிரி, இடக்கையர்க்கு ஒரு மாதிரி எனக் குடும்பமே வளர்ந்தது. இவற்றோடு, கம்பி வெட்ட ஒரு சிறு வெட்டுவாயும் வைத்தார்கள். செடி வெட்டும் கருவிக்குக் கம்பி வெட்டும் வாய் எதற்கு? வாங்கியவன் வீட்டில் இது செடியோடு நிற்காது என்று சுவிஸ்காரர்க்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அதற்கு இன்னொரு வெட்டையே தந்தனர். நம் கருதுகோளுக்குக் கிடைக்கும் முதல் அயல்நாட்டுச் சான்று இதுவே.

இனி இயக்கம். கத்தரி இருவகைப்படும்: ஒன்றையொன்று கடக்கும் வகை, பட்டடை வகை. முன்னதில் கூரிய அலகு மழுங்கிய கொக்கியை உரசிக்கொண்டு கடக்கும். பின்னதில் கூரிய அலகு தட்டையான தகட்டின்மேல் நேரே இறங்கும். காய்ந்த கட்டைக்குப் பட்டடை, பச்சைத் தண்டுக்குக் கடப்பது. மாற்றிப் பிடித்தால் தண்டு நசுங்கி, ரோஜாவில் நுனியிலிருந்து கருகத் தொடங்கும். கடக்கும் வகையிலும் கூரலகு செடியில் நிற்கும் பக்கமும், கொக்கி வீசியெறியப்படும் பக்கமும் இருத்தல் வேண்டும். என்னையெனின், நசுங்குவது கொக்கிப் பக்கம். எறியப்படுவது நசுங்கினால் கேட்பாரில்லை. இந்த நுட்பத்தைக் கத்தரியின்மேல் எழுதிவைத்த உற்பத்தியாளர் எவரையும் ஆய்வாளர் கண்டிலர். அம்புக்குறி ஒன்று பொறித்தால் போதும். இது நம் பரிந்துரைகளுள் செலவற்றதும், அதனாலேயே ஏற்கப்படாததுமாகும்.

நெம்புகோல் விதியும் அவ்வாறே. அச்சாணியிலிருந்து கை 12 செ.மீ. தொலைவிலும் கிளை 3 செ.மீ. தொலைவிலும் இருந்தால், கையின் விசை நான்கு மடங்காகும். கிளையை 1.5 செ.மீ.க்கு உள்ளே தள்ளினால் எட்டு மடங்கு. ஆயினும் மனிதர் கிளையை அலகின் நுனியில் வைத்தே நெரிக்கின்றனர். வெட்டுப்படாதபோது பல்லைக் கடித்து மணிக்கட்டைத் திருகுகின்றனர். திருகியதும் அலகுகள் விலகி, கிளை இடையில் மடிந்து சிக்கிக்கொள்ளும். பிறகு கத்தரியை எடுக்கக் கிளையை உடைக்க வேண்டும். இது கருவியின் குற்றமன்று.

கருவியின் குற்றம் கூர்தீட்டலில் தெரியவரும். இப்பகுதி சற்று விரிவாகப் பேசத்தக்கது. கடக்கும் வகைக் கத்தரியின் அலகு ஒரு பக்கம் மட்டுமே சரிவாகத் தேய்க்கப்பட்டது. கொக்கியை உரசும் மறுபக்கம் தட்டையாகவே இருத்தல் வேண்டும். அங்கே தீட்டினால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்து, தண்டு வெட்டுப்படாமல் மடியும். இதை அறியாத நாம், 'கத்தி, கத்திரி சாணை பிடிக்கிறது!' என்ற குரல் கேட்டதும் கத்தரியை எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். அவர் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலை மிதித்துச் சக்கரத்தில் பொறி பறக்க, 'ரெண்டு பக்கமும் நல்லா போட்டிருக்கேம்மா' என்று கூடுதல் உழைப்பைக் கூடுதல் காசு வாங்காமல் வழங்குகிறார். அரிவாள்மனைக்கும் காய்கறிக் கத்திக்கும் பழகிய கை அது. அங்கே இருபக்கமும் தீட்டுவதே அறம். நன்மை செய்தவரைக் குறைகூற இயலாததால், கத்தரியைக் குறைகூறுகிறோம்.

தீர்வாக, தட்டைப் பக்கத்தில் 'இங்கே சாணை பிடிக்காதீர்' என்று பொறிக்கலாமே எனின், அற்றன்று. சாணை பிடிப்பவர் முதலில் தேய்ப்பதே அவ்வெழுத்தைத்தான்.

ஸ்பிரிங்குக்கு வருவோம். இரு பிடிகளுக்கிடையே இரு சிறு முளைகள் மட்டுமே தாங்க, அழுத்தப்பட்ட நிலையில் வாழும் உறுப்பு இது. கத்தரி திறந்த நிலையில் கீழே விழுந்தால் ஸ்பிரிங் துள்ளிப் போகும். மாடித் தோட்டத்தில் துள்ளியது கீழ்வீட்டுச் சன்ஷேடை அடையும். அங்கே ஏறி எடுப்பதற்கு ஒருவரும் துணியார். ஸ்பிரிங் போன கத்தரிக்கு மாற்று செய்வதில் தமிழகத்தில் இரு மரபுகள் நிலவுகின்றன. முதலாவது பேனா மரபு: பால்பாயின்ட் பேனாவின் ஸ்பிரிங்கைச் செருகுவது. இது முதல் அழுத்தலிலேயே தன் வாழ்வை முடித்துக்கொள்ளும். கூடவே ஒரு பேனாவும் போகும். இரண்டாவது செருப்பு மரபு: அறுந்த ஹவாய் செருப்பின் குதிகால் பகுதியைச் சதுரமாக அறுத்துப் பிடிகளுக்கிடையே திணிப்பது. இதுவே மேலானது. குறை ஒன்றுண்டு. ரப்பர் முழுதும் நசுங்காததால் அலகுகள் முழுதும் மூடா. கடைசி நார் ஒன்று எஞ்சும். அதைக் கையால் பிய்த்தால் தண்டின் தோல் பாதிவரை உரிந்து வரும். எனினும், ஸ்பிரிங்கைப் பிடியோடு கண்ணிவைத்துக் கோத்துவிட்டால் இரு மரபுகளும் ஒரே நாளில் வழக்கொழியும்.

நிறம் பற்றிச் சில. பின்லாந்தின் ஃபிஸ்கார்ஸ் நிறுவனம் 1967-இல் தன் கத்தரிக்கோலுக்கு ஆரஞ்சு நிறப் பிடி போட்டது. பழச்சாறு பிழியும் கருவிக்கு வாங்கிய பிளாஸ்டிக் மிஞ்சியிருந்ததே காரணம். ஜப்பானிய ஒகாட்சுனே நிறுவனத்தின் கத்தரிக்கு ஒரு பிடி சிவப்பு, மற்றது வெள்ளை. புல்லில் விழுந்தாலும் கண்ணில்படும். நம்மூர் நர்சரிகளிலோ பச்சைப்பிடிக் கத்தரிகள் தொங்குகின்றன. இலைகளுக்கிடையே வைக்கப்படப் போகும் பொருளுக்கு இலையின் நிறம். ராணுவத்துக்குச் செய்ததை இடம் மாற்றி விற்கிறார்களோ என்னும் ஐயம் எழுகிறது.

பூட்டு பற்றி அதிகம் சொல்ல இல்லை. வெட்டிக்கொண்டிருக்கையில் தானே பூட்டிக்கொள்ளும். பூட்ட வேண்டிய நேரத்தில் மண் ஏறி நகராது.

எஞ்சியிருப்பது ஆய்வின் மையப் பகுதி: திசைதிரும்பல். கத்தரி மாடியைவிட்டு இறங்கும் வழிகளைக் கண்டறிய ஆய்வாளர் தம் இல்லத்தையே களமாகக் கொண்டார். பால் பாக்கெட், அரிசி மூட்டைத் தையல், கொடிக்கயிறு, கேபிள் ஒயர் என்று பட்டியல் நீண்டது. முதன்மைத் தகவலாளியாகிய மாமியாரிடம் சமையலறையில் அது என்ன செய்கிறது என்று வினவியபோது, 'மாப்பிள்ளை, சங்கராவுக்குச் செட்டை நறுக்க இதுக்கு ஈடே கிடையாது. மீன்காரம்மா வச்சிருக்கறதெல்லாம் சும்மா' என்றார். கருவியின் தரத்துக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் ஃபெல்கோவுக்கும் கிடைத்திராது. செடிக்குச் செடி நோய் தொற்றாதிருக்க அலகை 70 சதவீத ஆல்கஹாலால் துடைக்க வேண்டும் என்று தோட்டக்கலை நூல்கள் கூறும். சங்கராவிலிருந்து ரோஜாவுக்குத் தொற்றுவது பற்றி மௌனம் காக்கும். சங்கரா நறுக்கிய கத்தரியால் வெட்டிய ரோஜாவின் தொட்டியை அன்றிரவே பூனை ஒன்று முற்றுகையிட்டது.

இந்த இடப்பெயர்ச்சியைத் தடுக்க, பேருந்து நிலையத் தண்ணீர்த் தொட்டியில் டம்ளரைப் பிணைத்து வைத்ததுபோல், கத்தரியை மாடிக் கைப்பிடிச்சுவரோடு பிணைக்கலாம் என்பது நம் முதல் முன்மொழிவு. கயிற்றால் பிணைக்கலாமோ எனின், ஆகாது. உலகப் பொருள்களில் கயிற்றால் கட்டிவைக்கவே முடியாத பொருள் கத்தரி. அது தன் கட்டைத் தானே அவிழ்த்துக்கொள்ளும். ஆயின் கம்பியால் பிணைப்போம் எனின், சுவிஸ்காரர் வைத்த வெட்டுவாய் குறுக்கே நிற்கிறது. கனத்த சங்கிலி உதவும். ஆனால் சங்கிலியின் நீளம் மல்லிவரை எட்டினால் ரோஜாவரை எட்டாது, ரோஜாவரை எட்டினால் மாடிப்படியில் இறங்கிச் சமையலறையையும் எட்டிவிடும்.

ஆகவே இரண்டாம் முன்மொழிவு: ஏமாற்றுக் கத்தரி. பார்வையில் படும் ஆணியில், பளிச்சென்ற மஞ்சள் பிடியுடன், விலை மலிந்த கத்தரி ஒன்றைத் தொங்கவிடுவது. பால் பாக்கெட்டும் சங்கராவும் அதை நாடும். நல்ல கத்தரி தப்பும். இம்முறை களத்தில் சோதிக்கப்பட்டது. நல்ல கத்தரியை எண்ணெய் தடவி, அது வந்த அட்டைப்பெட்டியிலேயே இட்டு, பீரோவில் பட்டுப்புடவைகளுக்குக் கீழே வைத்தாயிற்று. வீட்டார் மஞ்சளை ஏற்றுக்கொண்டனர். நவம்பர் கடைசி வாரம் வந்ததும், ஆய்வாளர் மாடிக்குப் போகும் வழியில் ஆணியில் தொங்கிய மஞ்சளையே எடுத்துப் போனார். பீரோச் சாவி யாரிடம் இருக்கிறதென்று அப்போது தெரியவில்லை. மல்லி 50 செ.மீ.க்கு வெட்டப்பட்டது. தோட்டத்தில் லேசாக மீன் வாடை.

பீரோவிலுள்ள கத்தரியின் ஸ்பிரிங் இன்றுவரை தொலையவில்லை.