மூக்கு போனால் என்ன, நெற்றி இருக்கிறது

பெரியபட்டினத்து மண்ணைக் கிளறினால் சீனப் பீங்கான் ஓடு வரும். எழுநூறு வருஷத்துக்கு முந்தைய துறைமுகம், சும்மாவா? ஆனால் அந்த மண் அடங்கிய ராமநாதபுரத்துச் சேதுபதி சீமையின் சரித்திரத்தில் எனக்குப் பிடித்த சரக்கு மூக்கு.

1656 வாக்கில் மைசூர் ராஜா கண்டீரவ நரசராஜர் மதுரைச் சீமைமேல் படை அனுப்பினார். கோட்டையைப் பிடி, கஜானாவைப் பிடி என்று சொல்லி அனுப்புவதுதான் ராஜாக்களின் வழக்கம். இவர் மூக்கைக் கொண்டு வா என்றார். அதற்கென்றே ஓர் இரும்புக் கருவி. மீசைக்காரன் அகப்பட்டால் மேலுதடும் சேர்ந்தே போகும். தலைக்கு இவ்வளவு, மன்னிக்கவும், மூக்குக்கு இவ்வளவு என்று சன்மானம். அந்நாளைய சேசு சபைப் பாதிரிமார் இதையெல்லாம் கடிதத்தில் எழுதியிருக்கிறார்கள். மைசூர்த் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மூட்டையை அவிழ்த்து வரவு வைத்த கணக்குப்பிள்ளையை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது.

மதுரையில் திருமலை நாயக்கர் படுத்த படுக்கை. போகளூரிலிருந்த ரகுநாத சேதுபதிக்கு ராணி ஆள் அனுப்ப, அவர் மறவர் படையோடு வந்து மைசூர்க்காரர்களை விரட்டினார். நாயக்கரின் தம்பி குமாரமுத்து அதோடு விடவில்லை. மைசூர்ச் சீமைக்குள்ளேயே புகுந்து, வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்தார். அந்த ராஜாவின் மூக்கே போனது என்றும் ஒரு கதை உண்டு. சேதுபதிக்குத் திருமலைப் பட்டம், ‘ராணி சொல் காத்தவர்’ விருது, கப்பம் தள்ளுபடி, மதுரைபோல நவராத்திரி நடத்தும் உரிமை. எல்லோருக்கும் ஏதோ கிடைத்தது. மூக்கு போனவனுக்கு மட்டும் ஒன்றுமில்லை. ஒட்டிக்கொள்ளலாம் என்றால், சொந்த மூக்கு காவிரிக் கரையில் மூட்டைக்குள் கிடக்கிறது.

வைத்தியம் இல்லாமலா? சுசுருதர் எப்போதோ எழுதிவிட்டார். இலையை மூக்களவுக்கு நறுக்கு, கன்னத்தில் வைத்து அளவெடு, அந்தத் தோலை ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படி அறுத்துத் திருப்பி வை, மூச்சு விட இரண்டு குழல் செருகு. தோலை முழுசாக வெட்டி எடுக்காததில்தான் சூட்சுமம் இருக்கிறது. இரத்தம் ஓடிக்கொண்டிருந்தால் பிழைக்கும், நின்றால் அழுகும். இதை ராஜாக்கள் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அறுக்கிற பகுதியோடு புத்தகத்தை மூடியிருப்பார்கள்.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் மூக்குக்கும் பூர்வஜென்ம பந்தம் போலும். 1792-ல் கும்பினிப் படையின் மாட்டுவண்டிக்காரர் கவாஸ்ஜி திப்புவின் ஆட்களிடம் சிக்கினார். மூக்கும் ஒரு கையும் போயின. ஒரு வருஷம் மூக்கில்லாமல் திரிந்தவருக்குப் புனே பக்கம் செங்கல் சுடும் சாதிக்காரர் ஒருவர் புது மூக்கு செய்தார். மெழுகில் மூக்கு பிடித்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு போட்டு, புருவ மத்தியில் மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்து, திருப்பி இறக்கினார். ஒட்ட வைத்த பசை காசுக்கட்டி! தாம்பூலம் போடுகிற அதே காசுக்கட்டிதான். ஐந்தாறு நாள் மல்லாந்து படுக்கை, நெய்யில் தோய்த்த துணி. சுமார் இருபத்தைந்து நாள் கழித்துப் புருவ மத்திப் பாலத்தை வெட்டினார்கள்.

இரண்டு வெள்ளைக்கார டாக்டர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். 1794-ல் லண்டன் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ படத்தோடு போட்டது. அதைப் படித்த கார்ப்யூ என்ற சர்ஜன் பிணங்கள்மேல் பழகிப் பழகி, 1814-ல்தான் உயிருள்ள ஆளைத் தொட்டார். மருத்துவப் புத்தகங்களில் கார்ப்யூவுக்குப் பெயர் உண்டு. பத்திரிகை கவாஸ்ஜிக்குக்கூடப் படம் போட்டது. செங்கல்காரரின் பெயரைக் கேட்டு எழுத மட்டும் எவனுக்கும் மை இல்லை.

அதன்பின் ஒட்டும் துண்டு சிறுத்துக்கொண்டே வந்தது. 1869-ல் ரெவர்டின் என்பவர் கடுகளவு தோலைக் கிள்ளிப் புண்ணில் விதைத்தார். 1975-ல் அமெரிக்காவில் ஹோவர்ட் கிரீனும் ரைன்வால்டும் தோல் செல்லையே கண்ணாடித் தட்டில் வளர்த்தார்கள். 1997-ல் இத்தாலியர் கண்ணின் செல்லை அப்படி வளர்த்து ஒட்டினார்கள். பிரமாதம்தான், ஆனால் அந்த ஆய்வகம் வைக்க ஒரு சமஸ்தானமே வேண்டும்.

2012-ல் ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவமனையில் டாக்டர் விரேந்தர் சங்வான் குழு குறுக்கு வழி சொன்னது. நல்ல கண்ணின் கருவிழி ஓரத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டர் சதுரம் எடுப்பது. எட்டுப் பத்துப் பொடித் துண்டாக நறுக்குவது. கெட்ட கண்ணில் பனிக்குடச் சவ்வை விரித்து, அதன்மேல் துண்டுகளைத் தூவி, ஃபைப்ரின் பசையால் ஒட்டுவது. செல்லுக்கு வளரத் தனி ஆய்வகம் வேண்டாம், கண்ணிலேயே வளர்ந்துகொள்ளும். அறுவை அரங்கில் ஒரே அமர்வில் வேலை முடிந்தது.

அந்தக் கண்கள் கெட்டதில் முக்கியக் குற்றவாளி யார் என்று பார்த்தால், மறுபடியும் வெற்றிலைப் பெட்டி. காசுக்கட்டி ஒட்டியது, சுண்ணாம்பு பொசுக்குகிறது. சுண்ணாம்பு அடைத்த பிளாஸ்டிக் உறையைக் குழந்தை அழுத்தும், வெடித்துக் கண்ணில் பீச்சும். கருவிழி ஓரத்து ஸ்டெம் செல் மொத்தமும் காலி, கண் வெள்ளையாகிவிடும். அந்த உறையைக் கடைக்காரர்கள் இன்னமும் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில்தான் சரம் சரமாகத் தொங்க விடுகிறார்கள்.