கழுத்துப் பிடித்த படகு

கேள்வி: பழைய ஸ்டெர்ன்டிரைவ் படகு வாங்கினேன். ஸ்டீயரிங்கைத் திருப்ப இரண்டு கை போதவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ஜிம்முக்குக் கட்டும் காசு மிச்சம் என்று சந்தோஷப்படலாம்! சரிசெய்தே தீருவேன் என்றால், முதலில் குற்றவாளியைப் பிடியுங்கள். பவர் ஸ்டீயரிங் இருந்தால் எண்ணெய் அளவையும் பெல்ட்டையும் பாருங்கள். பிறகு எஞ்சினை அணைத்து, ஸ்டீயரிங் கேபிளைப் பின்முனையில் கழற்றுங்கள். ஸ்டீயரிங் சக்கரம் அப்போதும் முரண்டு பிடிக்கிறதா? அநேகமாகக் கேபிளுக்குள் துரு. கிரீஸ் தடவிச் சமாதானம் பேசாமல் புதிதாக மாற்றிவிடுங்கள். சக்கரம் லேசாகச் சுற்றுகிறது, படகின் பின்னாலிருக்கும் டிரைவைக் கையால் தள்ளினால் அசையவில்லையா? கழுத்துப்பிடிப்பு அங்கே, டிரைவைப் பிடித்திருக்கும் ஜிம்பல் வளையத்தைத் தாங்கும் சுழல்தண்டில்; மெக்கானிக்தான் வைத்தியர். உப்புத் தண்ணீரில் ஓட்டிவிட்டு நல்ல தண்ணீரில் கழுவாத பாவம் சும்மா விடுமா?