பழைய ஜாக்பொட் மெசின் ஒன்றுக்கு அனுமதி கோரி ஒரு மனு

தலைவர் அவர்கள்,
சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை,
கொழும்பு.

பெருமதிப்புக்குரிய ஐயா,

வீட்டுப் பாவனைக்காகப் பழைய ஜாக்பொட் மெசின் ஒன்று வாங்க அனுமதி கேட்டு எழுதுகிறேன். இங்கிலாந்தில் சாராயக் கடைகளில் வைத்திருப்பார்களே, செர்ரி, எலுமிச்சை, மணி என்று படம் சுற்றும், மூன்றும் ஒரே படமாக நின்றால் காசு கொட்டும், அதுதான். உங்கள் சபைக்கான சட்டம் 2025 ஆகஸ்ட்டில்தான் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அதுவரைக்கும் சூதாட்டத்துக்கு 1889இல் வெள்ளைக்காரன் எழுதிய கட்டளைச் சட்டத்தையும் புரட்டிக்கொண்டிருந்தோம். புதுக் கந்தோர், புது மேசை. முதல் மனு மலையிலிருந்து வந்ததாக இருக்கட்டுமே.

மெசின் பஞ்சிகாவத்தையில் இருக்கிறது. பழைய சாமான் எடுக்கும் மச்சான் ஒருவர் விலை பேசி வைத்திருக்கிறார். ஏன் இவ்வளவு மலிவு என்று விசாரித்தேன். அது பழைய வட்டமான பவுண் குற்றியை மட்டும் விழுங்குகிற சாதியாம். அங்கே 2017இல் பன்னிரண்டு மூலைக் குற்றி வந்து, அந்த வருடம் ஒக்டோபரோடு வட்டக் குற்றி செல்லாக் காசாகிவிட்டது. எங்கள் பத்து ரூபாவைப் போட்டால் துப்பிவிடும் என்கிறார் மச்சான். செல்லாத காசை மட்டுமே நம்புகிற ஒரு பெட்டி உங்கள் சட்டத்தின்படி சூதாட்ட உபகரணமா, அலங்காரப் பொருளா என்பதைத் தெளிவுபடுத்தினால் நல்லது.

வைக்கிற இடம் பற்றிக் கேட்பீர்கள். எங்கள் தேயிலைத் தோட்ட லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. உள்ளே ஆட்களுக்கே இடம் இல்லை என்பதால் மெசின் இஸ்தோப்பில் நிற்கும். அப்பாயி இதற்கு முழு ஆதரவு. உள்ளே பல்புகள் எரியுமாம், உடப்புசல்லாவைப் பனிக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு உட்காரலாம் என்கிறார். வீட்டுக்காரிக்குத்தான் சம்மதமில்லை. "கொழுந்துத் தராசு இருக்கையில வேற மெசின் எதுக்கு?" என்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பகல் முழுக்க நனைந்து ஆய்ந்ததைத் தராசில் தொங்கவிட்டால் முள் ஓடும், நிற்கும். பிறகு சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிவு. தோட்டத்துக்குத் தோட்டம் மாறுகிற அந்தக் கிலோக் கணக்கைத் தொட்டால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம்; தொடாவிட்டால் அரைப்பேர்.

ஆட ஆசையென்றால் கொழும்புக்குப் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். 2025 ஆகஸ்ட்டில் அங்கே பெரிய கசினோ ஒன்று திறந்தார்கள், அறிவேன். உள்நாட்டுக்காரர் கசினோவுக்குள் காலடி வைக்கும் கட்டணத்தை 50 டொலரிலிருந்து 100 டொலராக்க அதே வருடம் அமைச்சரவை தீர்மானித்ததையும் அறிவேன். 100 டொலர் என்பது ஏறத்தாழ 30,000 ரூபா. 2026ஆம் வருடக் கணக்குப்படி தோட்டச் சம்பளம் ஒரு நாளைக்கு 1,750 ரூபா. ஆக, பதினெட்டு முழுப்பேர் போட்டால் வாசல் கதவு திறக்கும். உள்ளே போய் ஆடுவதற்கான காசுக்கு அடுத்த மாதமும் கொழுந்து இருக்க வேண்டும். ஏழைகள் சூதாடிக் கெட்டுப்போகக் கூடாது என்ற அரசாங்கத்தின் அக்கறை புல்லரிக்க வைக்கிறது. அதே அரசாங்கம் 40 ரூபா லொத்தர் சீட்டை எங்கள் பஸ் நிலையத்துக்கே அனுப்பி வைக்கிறதே, அது வேறு அக்கறை போலிருக்கிறது.

விண்ணப்பதாரரின் முன் அனுபவம் என்று படிவத்தில் ஓர் இடம் இருக்கும் அல்லவா? எங்களுக்கு அது நிறைய உண்டு. 1948இல் மலையகத் தோட்டத் தமிழரான எங்கள் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். 1964இல் எங்கள் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து எங்களைச் சுற்றி விட்டார்கள். இந்தியாவுக்கு 525,000 பேர், இங்கே 300,000 பேர், மீதி 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம். பிறகு பார்த்தது 1974இல், இந்திரா காந்தியோடு. ஆளுக்கு 75,000, சரிபாதி. அந்தக் கணக்கைப் போடும்போது யாரும் எங்களைக் கேட்கவில்லை. ஒரே லயத்தில் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி மறுபக்கமும் விழுந்தார்கள். இவ்வளவு பெரிய ஆட்டத்தை உங்கள் கசினோக்காரர்கள் கனவிலும் நடத்தியிருக்க மாட்டார்கள்.

சம்பளம் என்பது எங்கள் தினசரி மெசின். மூன்று சக்கரம்: கம்பெனி, சங்கம், அரசாங்கம். ஆயிரம் ரூபா கேட்டுத் தெருவில் இறங்கினோம். 2016 ஒக்டோபரில் 730இல் நின்றது. 2019 ஜனவரியில் 750. ஆயிரம் விழுந்தது 2021 மார்ச்சில், அதற்குள் அரிசி விலை வேறு மலைக்கு ஏறியிருந்தது. 2024 ஏப்ரல் 30ஆம் திகதி 1,700 என்று வர்த்தமானி வந்தது. மறுநாள் கொட்டகலை மே தின மேடையில் அப்போதைய ஜனாதிபதியே அதைச் சொன்னார். மூன்று செர்ரியும் வரிசையாக நின்றுவிட்டன என்று நாங்கள் கையேந்திக்கொண்டு நிற்கையில் கம்பெனிகள் உயர் நீதிமன்றம் போயின. சக்கரம் திரும்பச் சுற்றி செப்டெம்பரில் 1,350இல் நின்றது. 1,750க்கு வந்தது 2026 ஜனவரியில். அதிலும் 200 ரூபாவை வேலைக்கு வந்ததற்கான ஊக்கத்தொகையாக அரசாங்கம் தன் பணத்திலிருந்து போடுகிறது.

இந்த மெசினில் பழங்கள் ஏன் வந்தன என்ற கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்காவில் சூதுக்குத் தடை வந்தபோது சில மெசின்கள் காசுக்குப் பதிலாகப் பழச்சுவைச் சுவிங்கம் கொடுத்துத் தப்பித்தன. சக்கரத்தில் இருந்த பழம் அந்தச் சுவிங்கத்தின் சுவை. காசாகக் கொடுத்தால் சூது, சுவிங்கமாகக் கொடுத்தால் வியாபாரம். 2016 ஒப்பந்தத்தின் 730 ரூபாவை இப்போது எடுத்துப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 500. வருகைக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப் பங்கு 30. மிச்ச 230ஐ நாங்கள் எத்தனை நாள் மென்றோம் என்று சொல்லத் தேவையில்லை.

இனி நான் உண்மையில் கேட்க வந்ததைச் சொல்கிறேன். பிரித்தானியச் சட்டப்படி அந்த மெசின் போட்ட காசில் நூற்றுக்கு எவ்வளவைத் திருப்பிக் கொடுக்கும் என்று மெசினிலேயே காட்ட வேண்டும். முந்திய ஆட்டங்களைப் பார்த்து அடுத்த ஆட்டத்தை மாற்றிக்கொள்ளும் மெசின் என்றால் அதையும் காட்ட வேண்டும். சாராயக் கடை மூலையில் நிற்கும் ஒரு பெட்டிக்கு இவ்வளவு நேர்மை. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட் மைதானத்தில் 10,000 வீடு என்றாரே, அந்த மேடையின் ஓரத்தில் இப்படி ஓர் அட்டை தொங்கவில்லை. எந்தத் தேர்தல் மேடையிலும் தொங்கியதில்லை.

இன்னொன்று சாவி. வீட்டில் வைக்கும் மெசினுக்குச் சாவி என்னிடம் இருக்கும். தோற்றாலும் இரவு கதவைத் திறந்து என் செல்லாக் காசை நானே எடுத்துக்கொள்வேன். எங்கள் பரம்பரையில் சாவி எங்கள் கையில் இருக்கிற முதல் ஆட்டம் இதுவாகத்தான் இருக்கும். அதனால்தான் இரண்டாம் கை மெசின் என்றாலும் பரவாயில்லை என்கிறேன்.

அனுமதி தர முடியாவிட்டால், அந்த அட்டையை மட்டுமாவது கட்டாயமாக்குங்கள். ஒன்று காலையில் வேலை பிரிக்கும் எங்கள் பெரட்டுக்களத்தில், ஒன்று கொழுந்துத் தராசில், ஒன்று சம்பளப் பேச்சுவார்த்தை நடக்கும் மேசையில்.

பதிலைத் தமிழில் அனுப்பவும். உடப்புசல்லாவை என்ற பெயரை இலங்கையின் ஏழு தேயிலைப் பிரதேசங்களில் ஒன்றாகப் பெட்டியில் அச்சடித்து உலகமெல்லாம் விற்கிறார்கள். ஆனால் அதே ஊரில் எங்கள் லயத்துக்குத் தனி முகவரி கிடையாது, தபால் தோட்டக் கந்தோருக்குத்தான் வரும். ஆகவே பதிவுத் தபாலில் போடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லயக் குடியிருப்பாளர் ஒருவர்,
உடப்புசல்லாவை.